மடக்குக் கத்தியின் பூட்டு: தேய்வதும் தாங்குவதும்

எங்கள் பள்ளியின் மேல்நிலைப் பிரிவில் வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பாடம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் பள்ளித் தோட்டத்தில் மாங்கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். வேர்ச்செடியின் தண்டை நடுவில் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய ஒட்டுக்குச்சியை அதில் செருகுவது அன்றைய வேலை. ஒரு மாணவனின் கத்தி தண்டுக்குள் சிக்கிக்கொண்டது. அதை வெளியே எடுக்க, கைப்பிடியைக் கீழே அழுத்தி நெம்பினான். கத்தி சட்டென்று மடங்கிவிட்டது. ஆள்காட்டி விரலில் ஆழமான வெட்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று தையல் போட்டு, டி.டி. ஊசியும் போட்டு அனுப்பினார்கள்.

மறுநாள் வேளாண் ஆசிரியர் அந்தக் கத்தியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தார். "சார், இது பூட்டு இருக்கற கத்திதான். காலைல நானே எல்லாத்தையும் திறந்து பார்த்துட்டுத்தான் பசங்ககிட்ட கொடுத்தேன். டக்குன்னு பூட்டற சத்தமும் கேட்டுச்சு. அப்புறம் எப்படி சார் மடங்குச்சு? நீங்க பிசிக்ஸ்தானே, கொஞ்சம் பாருங்களேன்" என்றார்.

அன்று என்னிடம் பதில் இல்லை. கத்தியைக் கழற்றி உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். பூட்டு வகைகளைப் பற்றித் தேடிப் படித்தேன். நாம் எட்டாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் நடத்துகிற பாடம்தான் அந்தச் சின்னப் பூட்டுக்குள்ளும் இருக்கிறது என்பது புரிந்தது. தொழிற்கல்வி ஆசிரியர்களுக்கும் அறிவியல் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பூட்டின் மேல் விழும் சுமை

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வெட்டும்போது வரும் விசை கத்தியை மடக்காது. கூர்முனை மரத்தை அழுத்தும்போது, மரம் அலகைத் திறந்த நிலையின் பக்கமே திருப்பித் தள்ளுகிறது. அந்தச் சுமையைத் தாங்குவது, அலகு மேற்கொண்டு பின்னால் சாயாமல் தடுக்கும் தடுப்பு ஊசிதான். கத்தியை மடக்கப் பார்ப்பவை மூன்று: நுனியால் குத்துவது, அலகின் முதுகின் மேல் அழுத்துவது, சிக்கிய கத்தியை நெம்புவது. இந்த மூன்றிலும் சுமை முழுவதும் பூட்டின் மேல் போய் விழுகிறது.

அந்தச் சுமை எவ்வளவு? பத்தாம் வகுப்பு 'இயக்க விதிகள்' பாடத்தில் வரும் விசையின் திருப்புத்திறனை வைத்துக் கணக்கிடலாம். அலகு சுழலும் அச்சாணியிலிருந்து 80 மி.மீ. தொலைவில் கைப்பிடியை 20 நியூட்டன் விசையால் அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். இது ஏறத்தாழ 2 கிலோ எடை. ஒரு மாணவனுக்குப் பெரிய விசை அல்ல. திருப்புத்திறன் 20 × 80 = 1600 நியூட்டன் மி.மீ. பூட்டு அலகைத் தாங்கும் இடமோ அச்சாணியிலிருந்து வெறும் 8 மி.மீ. தொலைவில் இருக்கிறது. ஆகவே பூட்டு தாங்க வேண்டிய விசை 1600 ÷ 8 = 200 நியூட்டன். கையில் கொடுத்தது 2 கிலோ. பூட்டில் விழுவது 20 கிலோ.

இந்த 20 கிலோ எவ்வளவு இடத்தில் விழுகிறது? பூட்டுத் தகடு 1.5 மி.மீ. தடிமன் என்றும், அது அலகின் அடியில் 1 மி.மீ. அகலத்துக்குத்தான் தொடுகிறது என்றும் கொண்டால், பரப்பு 1.5 சதுர மி.மீ. அழுத்தம் சதுர மி.மீ.க்கு 133 நியூட்டன். வளிமண்டல அழுத்தத்தைப் போல 1300 மடங்குக்கும் மேல்! எட்டாம் வகுப்பு 'விசையும் அழுத்தமும்' பாடத்துக்கு இதைவிட நல்ல கணக்கு வேண்டுமா?

தேய்மானம் எப்படி நடக்கிறது?

பளபளப்பாகத் தெரியும் உலோகப் பரப்பும் உருப்பெருக்கியில் மேடு பள்ளமாகவே தெரியும். இரண்டு பரப்புகள் சேரும்போது மேடுகள் மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. உரசும்போது அந்த மேடுகள் நசுங்கும், சில பிய்ந்து வரும். இதுதான் தேய்மானம்.

பிரிட்டனைச் சேர்ந்த ஆர்ச்சர்ட் என்ற அறிஞர் 1953-இல் இதற்கு ஓர் எளிய விதியைத் தந்தார். தேய்ந்து போகும் உலோகத்தின் கன அளவு, சுமை கூடினால் கூடும். உரசும் தொலைவு கூடினால் கூடும். பரப்பின் கடினத்தன்மை கூடினால் குறையும். கத்தியின் பூட்டைப் புரிந்துகொள்ள இந்த மூன்றும் போதும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பூட்டு அலகின் அடியில் சிறிதளவே உரசுகிறது. ஆனால் ஒரு நாளைக்குப் பத்து முறை திறந்தால், 200 வேலை நாட்களில் 2000 முறை ஆகிவிடுகிறது.

உரசல் தவிர இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மண் துகள். இரண்டு பரப்புகளுக்கும் நடுவே ஒரு மணல் துகள் அகப்பட்டால் அது உப்புத்தாள் போல வேலை செய்யும். தோட்டக் கத்திகளுக்கு இதுதான் பெரிய எதிரி. இன்னொன்று, மோதல். மணிக்கட்டை உதறிக் கத்தியைத் திறப்பது மாணவர்களுக்கு விளையாட்டு. ஒவ்வொரு உதறலிலும் அலகு தடுப்பு ஊசியில் போய் மோதுகிறது. பூட்டுத் தகடு வேகமாக வந்து அலகின் அடியில் அடிக்கிறது. நிதானமாகத் திறக்கும் கத்தியைவிட உதறித் திறக்கும் கத்தி சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும்.

தேய்மானத்துக்கு இடம் விட்ட வடிவமைப்புகள்

எந்தப் பூட்டும் தேயாமல் இருக்காது. தேயும் என்று தெரிந்தே, அதற்கு இடம் விட்டு வைப்பதுதான் நல்ல வடிவமைப்பு. சில வகைகளைப் பார்ப்போம்.

பழைய பேனாக் கத்திகளில் பூட்டே கிடையாது. முதுகுப் பக்கம் உள்ள வில் தகடு அலகின் அடியை அழுத்திப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஒட்டுக் கட்டும் கத்திகளில் பலவும் இந்த வகை. வில் தளர்ந்தாலோ, அலகின் அடியில் உள்ள முனைகள் உருண்டுபோனாலோ பிடிப்பு குறையும். ஆனால் பூட்டு இல்லை என்று தெரிந்திருப்பதால் பயன்படுத்துகிறவர் கவனமாக இருப்பார்.

முதுகுப் பூட்டு இன்னொரு வகை. அமெரிக்காவின் பக் நிறுவனம் 1960-களில் வெளியிட்ட 110 என்ற கத்தி இதைப் பரவலாக்கியது. முதுகில் ஒரு நெம்புகோல் சட்டம். அதன் நுனியில் ஒரு பல். அலகின் அடியில் அதற்கேற்ற பள்ளம். பல் பள்ளத்தில் விழுந்ததும் அலகு நிற்கும். பள்ளத்தைச் சற்றே குறுகலாகச் செதுக்கியிருந்தால், பல் தேயத் தேய ஆழமாக இறங்கி இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். இதன் பலவீனம் பள்ளத்தில் அடையும் அழுக்கு. பள்ளத்தில் பஞ்சோ மண்ணோ இருந்தால் பல் முழுதாக இறங்காது.

எங்கள் மாணவனிடம் இருந்தது தகட்டுப் பூட்டு. இதன் இன்றைய வடிவத்தை அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர் 1980-களின் தொடக்கத்தில் உருவாக்கினார். கைப்பிடிக்குள் இருக்கும் பக்கத் தகட்டை நீளவாக்கில் கீறி, ஒரு பகுதியை உள்பக்கம் வளைத்திருப்பார்கள். அலகு முழுதாகத் திறந்ததும் அந்தப் பகுதி வில் போல விலகி வந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். அலகின் அடியைச் சில பாகை சாய்வாகச் சீவியிருப்பார்கள். பூட்டுத் தகடு அந்தச் சாய்வின் தொடக்கத்தில் முதலில் உட்காரும். தேயத் தேய, வில்லின் அழுத்தத்தால் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து மீண்டும் இறுகும். புதிதில் அலகின் தடிமனில் கால் பங்கு தூரம் வந்து நிற்கும் தகடு, ஆண்டுகள் போகப் போகப் பாதி, முக்கால் என்று நகரும். எதிர்ப் பக்கத் தகட்டைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் நகர இடமில்லை. அங்கிருந்து ஆட்டம் தொடங்கும். அதாவது, இந்தப் பூட்டு தன் மீதி ஆயுளைத் தானே காட்டுகிறது.

தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கிறிஸ் ரீவ் இதையே இன்னும் வலுவாக்கினார். மெல்லிய தகட்டுக்குப் பதிலாக, கைப்பிடியின் ஒரு பக்கத்தையே பூட்டாக மாற்றினார். தன் கத்திக்கு அவர் வைத்த பெயர் செபென்சா. ஜூலு மொழியில் 'வேலை' என்று பொருள். இதில் கைப்பிடி டைட்டானியம், அலகு எஃகு. பதப்படுத்திய அலகு எஃகின் கடினத்தன்மையில் டைட்டானியக் கலவைக்குச் சுமார் பாதிதான் உண்டு. ஆர்ச்சர்ட் விதிப்படி மென்மையான டைட்டானியம்தான் சீக்கிரம் தேய வேண்டும். எஃகோடு அது ஒட்டிப் பிய்வதும் உண்டு. அதனால் சில தயாரிப்பாளர்கள் தொடும் முனையை மட்டும் வெப்பத்தால் கடினமாக்குகிறார்கள். சிலர் அங்கே பதப்படுத்திய எஃகுத் துண்டு ஒன்றைத் திருகி வைக்கிறார்கள், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சிலர் பீங்கான் வகைக் குண்டு ஒன்றைப் பதிக்கிறார்கள்.

பிரான்சில் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் தோன்றியது ஒப்பினெல் கத்தி. மரக் கைப்பிடி, ஓர் அலகு. 1955-இல் அதில் ஒரு சுழலும் வளையம் சேர்த்தார்கள். அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால், அலகு மடங்கும் வழியை வளையம் அடைத்துக்கொள்ளும். தேய்ந்தால் வளையத்தை இன்னும் சற்றுத் திருப்ப வேண்டியதுதான், இறுக்கம் திரும்பிவிடும். மரம் ஈரத்தில் ஊதி அலகு இறுகுவது இதன் குறை. ஆனால் பூட்டுவதைக் கையால் செய்ய வேண்டியிருப்பதால், பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். வகுப்பறைக்கு இது பெரிய நன்மை.

அமெரிக்காவின் பெஞ்ச்மேட் நிறுவனம் 1998-இல் கொண்டுவந்த பூட்டில், கைப்பிடியின் குறுக்கே ஓடும் ஒரு சிறு எஃகுத் தண்டு அலகின் அடிக்கும் தடுப்பு ஊசிக்கும் நடுவே ஆப்பு போல நுழைகிறது. தேய்ந்தால் இன்னும் சற்று முன்னே நகரும். இதில் முதலில் களைத்துப் போவது தண்டைத் தள்ளும் மெல்லிய கம்பி வில்தான். ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒரு கட்டத்தில் ஒடிகிறதே, அதே உலோகக் களைப்பு. அதனால்தான் இரு பக்கமும் ஒவ்வொரு வில் வைத்திருக்கிறார்கள். ஒன்று ஒடிந்தாலும் மற்றது பிடிக்கும்.

அந்தக் கத்தி ஏன் மடங்கியது?

தகட்டுப் பூட்டின் உயிர் அந்தச் சாய்வுக் கோணத்தில் இருக்கிறது. சாய்வு அதிகமாக இருந்தால் அழுத்தும்போது தகடு வழுக்கி வெளியே வந்துவிடும். மிகக் குறைவாக இருந்தால் தகடு இறுகிக்கொண்டு மடக்கவே வராது. வழுக்காமல் இருக்க, சாய்வுக் கோணம் உராய்வுக் கோணத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பொதுவாக 7 முதல் 10 பாகைக்குள் வைக்கிறார்கள்.

எங்கள் கத்தியை உருப்பெருக்கியில் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அலகின் அடியில் மாம்பால் காய்ந்து, அதில் மண் ஒட்டிக் கறுப்பாக ஒரு படலம் இருந்தது. அதனால் தகடு சாய்வின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. தகட்டின் முனையும் பல ஆண்டுப் பயன்பாட்டில் உருண்டுபோயிருந்தது. முனை உருண்டால் தொடும் இடத்தில் சாய்வு தானாகக் கூடிவிடும். வடிவமைத்தவர் 8 பாகை வைத்திருக்கலாம். உருண்ட முனையில் அது 20 பாகையாகக்கூட ஆகியிருக்கும். நெம்பியபோது விழுந்த சுமையில் தகடு வழுக்கிவிட்டது.

வேளாண் ஆசிரியர் கேட்ட 'டக்' சத்தம் உண்மைதான். தகடு அலகின் அடியில் போய்த் தட்டியது என்பதைத்தான் அந்தச் சத்தம் சொல்கிறது. எவ்வளவு தூரம் உட்கார்ந்தது என்பதைச் சத்தம் சொல்லாது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கத்தி இல்லாமல் ஒரு செயல்பாடு

இதை மாணவர்களுக்கு விளக்க வகுப்பறைக்குக் கத்தி கொண்டுவர வேண்டியதில்லை. ஒரு மரப்பலகை, ஒரு மரக்கட்டை, ஒரு கோணமானி போதும். பலகையின் மேல் கட்டையை வைத்து, ஒரு முனையை மெதுவாக உயர்த்தச் சொல்லுங்கள். கட்டை வழுக்கத் தொடங்கும் கோணத்தைக் குறித்துக்கொள்ளட்டும். அதுதான் உராய்வுக் கோணம். பிறகு பலகையில் சோப்பைத் தேய்த்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். கோணம் குறைந்துவிடும்.

இப்போது கேளுங்கள்: "பூட்டு தொடும் இடத்தில் எண்ணெய் விட்டால் என்ன ஆகும்?" எங்கள் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி உடனே சொன்னாள்: "சார், சோப்பு போட்ட பலகை மாதிரி வழுக்கிடும்." அவள் சொன்னது சரி. எண்ணெய் அச்சாணிக்கு வேண்டும். பூட்டின் முகத்துக்கு வேண்டாம்.

ஆய்வகத்திலும் தோட்டத்திலும் கவனிக்க வேண்டியவை

இந்த ஆண்டு முதல் எங்கள் பள்ளியில் பின்பற்றும் முறை இது:

1. ஒவ்வொரு கத்திக்கும் எண் உண்டு. மாதம் ஒரு முறை ஆசிரியர் சோதித்துப் பதிவேட்டில் எழுதுகிறார்.

2. அலகைத் திறந்து, பூட்டுத் தகடு எவ்வளவு தூரம் வந்து நிற்கிறது என்று பார்க்கிறோம். விளிம்பில் மட்டும் நின்றால் சுத்தம் செய்து மீண்டும் பார்க்கிறோம். அப்போதும் விளிம்பிலேயே நின்றாலும், எதிர்ப் பக்கத்தைத் தொட்டுவிட்டாலும் அந்தக் கத்தியை ஒதுக்கிவிடுகிறோம்.

3. கைப்பிடியைப் பக்கவாட்டில் மட்டும் பிடித்து, அலகு விழும் வழியில் விரல் இல்லாமல் வைத்துக்கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையின் மேல் மெதுவாக அழுத்துகிறோம். மேலும் கீழும் ஆட்டம் இருக்கிறதா என்பது இதில் தெரியும். முதுகால் ஓங்கி அடித்துச் சோதிக்கக் கூடாது. நல்ல பூட்டையும் அந்த அடி கெடுத்துவிடும்.

4. பக்கவாட்டு ஆட்டம் பெரும்பாலும் அச்சாணி தளர்வதால் வருவது. திருகை ஒரு சிறு அளவு இறுக்கினால் போதும். அதிகம் இறுக்கினால் அலகு முழுதாகத் திறக்காது. பூட்டும் முழுதாக உட்காராது.

5. மரப்பால் பட்ட கத்தியை அன்றே துடைக்க வேண்டும். காய்ந்துவிட்டால் துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உள்பக்கத்தைத் தேய்த்து, நன்றாக உலர்த்துகிறோம். பிறகு அச்சாணியில் மட்டும் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பூட்டின் முகத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுகிறோம்.

6. உதறித் திறக்கக் கூடாது. சிக்கிய கத்தியை நெம்பக் கூடாது; செடியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போன திசையிலேயே நேராக வெளியே இழுக்க வேண்டும்.

7. கத்திகளை எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்குகிறோம். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பெட்டி பூட்டியே இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக மாணவர்களிடம் நாங்கள் சொல்வது ஒன்று உண்டு. பூட்டு இருக்கிறது என்பதற்காக விரலை அலகின் வழியில் வைக்காதே. பூட்டே இல்லாத கத்தியை எப்படிப் பிடிப்பாயோ, அப்படியே இதையும் பிடி. அப்படிப் பிடித்தால், கவனம் தவறும் ஒரு நொடியில் பூட்டு உன் விரலைக் காப்பாற்றும்.

முதல் சோதனையிலேயே எங்களிடம் இருந்த பன்னிரண்டு கத்திகளில் மூன்றை ஒதுக்க வேண்டியிருந்தது. மூன்றும் திறக்கும்போது நன்றாகவே 'டக்' என்று சத்தம் கொடுத்தவை. அவற்றை அதற்கு முன்பே பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் வேளாண் ஆசிரியருக்கும் எனக்கும் இன்றும் இருக்கிறது.

அடிபட்ட மாணவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. விரல் நன்றாக மடங்குகிறது. தழும்பு மட்டும் இருக்கிறது. மாதச் சோதனையில் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதுவது அவன்தான். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கத்தி வாங்க வரும்போது, "சத்தத்தைக் கேக்காத, தகடு எங்க வந்து நிக்குதுன்னு பாரு" என்று அவனே சொல்லிக் கொடுக்கிறான்.

உங்கள் பள்ளியிலும் தொழிற்கல்விக் கருவிப் பெட்டி இருந்தால், இந்த வாரமே ஒரு முறை திறந்து பாருங்கள். அறிவியல் ஆசிரியரும் தொழிற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து உட்கார்ந்தால் அரை மணி நேர வேலைதான்.